ரொட்டி தனியாகப் போக வேண்டாம்

(திருகோணமலைக்குச் சுற்றுலா வந்திருந்த நமது தோட்டக் குடும்பங்களின் மாலைக் கூட்டத்தில், நலன்புரிப் பிரிவின் சார்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கோணேஸ்வரரைத் தரிசித்தாயிற்று. கன்னியா வெந்நீர்க் கிணறு ஏழிலும் அள்ளிக் குளித்தாயிற்று. கடலில் ஆழத்துக்குப் போக வேண்டாம் என்று மூன்று தரம் சொல்லியும் போனவர்கள் யார் யார் என்று எங்களுக்குத் தெரியும். அதைப் பற்றிப் பேச இப்போது வரவில்லை. இராச் சாப்பாடு அடுப்பில் இருக்கிறது. அது இறங்குவதற்கு முன்னால், நமது பிள்ளைகள் பாடசாலைக்குக் கொண்டுபோகும் சாப்பாட்டைப் பற்றி ஒரு அரை மணித்தியாலம் பேசலாம் என்று நினைத்தோம்.

"இதைத் தோட்டத்துலயே பேசியிருக்கலாமே ஐயா, இம்புட்டுத் தூரம் வந்தா பேசணும்?" என்று பஸ்ஸில் ஒரு அக்கா கேட்டார். கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் பிள்ளையின் சாப்பாட்டுப் பெட்டிக்கும் இந்தத் துறைமுகத்துக்கும் பழைய சொந்தம் ஒன்று உண்டு. அதை இங்கே இருந்து சொன்னால் நன்றாக விளங்கும்.

துறைமுகத்தின் அந்தப் பக்கத்துக்குச் சீனக்குடா என்று பெயர். அங்கேதான் பிரிமா மாவாலை இருக்கிறது. 1977ஆம் ஆண்டில் அரசாங்கத்தோடு ஒப்பந்தமாகி, 1980இல் ஓடத் தொடங்கிய ஆலை. ஒரே இடத்தில் அமைந்த மாவாலைகளில் உலகத்திலேயே பெரியவற்றில் ஒன்று என்று சொல்கிறார்கள். இந்த நாட்டில் நெல் விளைகிறது, சோளம் விளைகிறது, குரக்கன் விளைகிறது. கோதுமையை யாரும் விளைவிப்பதில்லை. வெளிநாட்டில் விளைந்த கோதுமை கப்பலில் வந்து இங்கே இறங்கி, அரைபட்டு, மூட்டையாகி, லொறி ஏறி மலைக்கு வருகிறது. இப்போது கொழும்பிலும் ஆலை உண்டு. ஆனால் பல வருடமாக நமது கடைக்கு வந்த மா இந்த ஊர் மாதான். நீங்கள் விடியற்காலையில் பிசைகிற மாவின் பிறந்த வீடு என்று இந்த ஊரைச் சொன்னாலும் தப்பில்லை. புகுந்த வீடு நமது லயம்.

நமது பூட்டன் காலத்தில் தோட்டத்தில் ரொட்டி இவ்வளவு கிடையாது. சோறுதான் சாப்பாடு. அந்த அரிசியில் பெரும்பகுதி பர்மாவிலிருந்து கப்பலில் வந்தது. இரண்டாம் உலக யுத்தத்தில், 1942இல், ஜப்பான்காரர்கள் பர்மாவைப் பிடித்தார்கள். அரிசிக் கப்பல் நின்றுபோனது. அதே வருடம் ஏப்ரல் 9ஆம் திகதி இந்தத் திருகோணமலைத் துறைமுகத்திலும் குண்டு போட்டார்கள். இங்கே உள்ள பெரியவர்கள் தங்கள் தாய் தகப்பன் சொன்ன கதையாக இன்றைக்கும் அதைச் சொல்வார்கள். அரிசி இல்லாத குறைக்குக் கோதுமை மாவைப் பங்கீட்டில் கொடுத்தார்கள். அப்படி வந்த மா யுத்தம் முடிந்த பிறகும் போகவில்லை. ஏன் போகவேண்டும்? சுடுவது சுலபம். கறி இல்லாவிட்டாலும் ஒரு சம்பலோடு ஒப்பேற்றலாம். துணியில் சுற்றிக் கொழுந்து மலைக்குக் கொண்டுபோகலாம். ஒரு தடித்த ரொட்டி தின்றால் மத்தியானம் வரைக்கும் வயிறு தாங்கும்.

ஆகையால் ரொட்டியைக் குறை சொல்ல நாங்கள் வரவில்லை. சில பேர் கூட்டத்துக்கு வந்து, "ரொட்டியை நிறுத்துங்கள், சத்தான உணவு கொடுங்கள்" என்று பேசிவிட்டுப் போய்விடுகிறார்கள். அவர்களுக்கென்ன, போய்விடுவார்கள். விடியற்காலை நாலரை மணிக்கு எழும்பி, மூன்று பிள்ளைகளைக் கிளப்பி, பிரட்டுக்கு ஓடுகிற தாய்க்கு ரொட்டியை விட்டால் வேறு வழி என்ன? ரொட்டி இருக்கட்டும். ஆனால் அதைத் தனியாகப் பாடசாலைக்கு அனுப்ப வேண்டாம். இன்றைக்கு நாங்கள் சொல்ல வந்தது இவ்வளவுதான். மற்றதெல்லாம் அதை எப்படிச் செய்வது என்பதைப் பற்றியது.

வெள்ளைக் கோதுமை மா என்பது கோதுமையின் நடுப் பருப்பு மட்டும்தான். மேல் தவிடும் முளையும் ஆலையில் பிரிந்துபோகின்றன. தவிடு கால்நடைத் தீனிக்குப் போகிறது. நார்ச்சத்து, இரும்புச்சத்து, விற்றமின் எல்லாம் அதிகமாக இருந்தது அந்தத் தவிட்டிலும் முளையிலும்தான். மிஞ்சியதில் ஓடியாடத் தெம்பு தரும் மாச்சத்து நிறைய உண்டு, புரதம் கொஞ்சம் உண்டு. வளருகிற பிள்ளைக்கு அந்தக் கொஞ்சம் காணாது. வயிறு நிரம்பிவிடுவதால் பிள்ளை பசி என்று சொல்லாது. பசி இல்லையே என்று நாமும் நிம்மதியாக இருந்துவிடுகிறோம். வளர்த்தி மட்டும் பின்னுக்கு நிற்கிறது.

இது நாங்கள் பயமுறுத்தச் சொல்வதல்ல. 2016ஆம் ஆண்டு நாடு முழுவதும் எடுத்த குடித்தொகை, சுகாதாரக் கணக்கெடுப்பில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் உயரத்தை அளந்து பார்த்தார்கள். வயதுக்கேற்ற உயரம் இல்லாத பிள்ளைகள் நாடு முழுவதற்கும் 100க்கு 17 பேர். தோட்டப் பகுதியில் மட்டும் 100க்கு 32 பேர். அதாவது நமது பிள்ளைக்காம்பராவில் மூன்று பிள்ளைகள் விளையாடினால் ஏறக்குறைய ஒரு பிள்ளை கட்டை. "தாய் தகப்பன் கட்டை, அதான் பிள்ளையும் கட்டை" என்று நாமே சமாதானம் சொல்லிக்கொள்கிறோம். அந்தத் தாய் தகப்பன் ஏன் கட்டையாகப் போனார்கள் என்று யோசிப்பதில்லை. அன்றைக்கு அளந்த பிள்ளைகள்தான் இன்றைக்குப் புத்தகப் பையும் சாப்பாட்டுப் பெட்டியும் தூக்கிக்கொண்டு போகிறார்கள்.

பாடசாலை இடைவேளையில் நாங்கள் பலமுறை கண்டிருக்கிறோம். சில பிள்ளைகள் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து, பெட்டியின் மூடியைப் பாதி மட்டும் திறந்து, உள்ளே கைவிட்டுக் கிள்ளிக் கிள்ளிச் சாப்பிடுவார்கள். பக்கத்துப் பிள்ளை பார்த்துவிடக் கூடாதாம். "என்னப்பா கொண்டாந்த?" என்று கேட்டால் தலையைக் குனிந்துகொண்டு, "ரொட்டிதான்" என்று சொல்லும். அந்த "தான்" என்ற சொல் மனசுக்குக் கஷ்டமாக இருக்கும். டவுன் பாடசாலைக்குப் போகிற பிள்ளைகளிடம் இது இன்னும் அதிகம். சில பிள்ளைகள் பெட்டியைத் திறக்காமலே திருப்பிக் கொண்டுவந்து, வழியில் நாய்க்குப் போட்டுவிட்டு வீட்டுக்கு வருகிறார்கள். பெட்டி காலியாக இருக்கிறது, பிள்ளை சாப்பிட்டுவிட்டது என்று தாய் நினைத்துக்கொள்கிறாள். சம்பளத்துக்கு முந்திய கிழமையில் வரவு குறைகிறது என்று ஆசிரியர்மார் சொல்கிறார்கள். கட்டிக் கொடுக்க ஒன்றும் இல்லாத நாளில், "இன்னைக்கு நீ போகாத" என்று தாயே சொல்லிவிடுகிறாள். சாப்பாட்டுப் பெட்டி இல்லாத குறை கடைசியில் படிப்பில் போய் நிற்கிறது.

இதில் ஒரு வயதைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். 2024 மார்ச் மாதத்தில் அரசாங்கம் பாடசாலை உணவுத் திட்டத்தை நாடு முழுவதும் ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளுக்கு விரிவாக்கியது. தரம் 1 முதல் 5 வரை. நல்ல காரியம். ஆனால் பிள்ளை தரம் 6க்கு ஏறுகிறது. பல தோட்டங்களில் ஆரம்பப் பாடசாலைதான் பக்கத்தில் இருக்கிறது. ஆறாம் தரத்துக்கு இரண்டு மூன்று மைல் தள்ளியுள்ள பெரிய பாடசாலைக்குப் போகவேண்டும். நடை கூடுகிறது, பாடம் கூடுகிறது, உடம்பும் திடீரென்று வளரத் தொடங்குகிறது. பெண் பிள்ளை பெரிய பிள்ளையாகிறாள், மாதாமாதம் இரத்தம் போகிறது. சரியாக அந்த வயதில்தான் பாடசாலைச் சாப்பாடு நிற்கிறது. "இனி அது பெரிய புள்ளதானே, தாங்கிக்கும்" என்று வீட்டிலும் கவனிப்புக் குறைகிறது. முட்டை ஒன்று இருந்தால் தம்பிக்குப் போகிறது. தாய்மாரே, அந்த முட்டையைப் பாதியாக்கி இரண்டு பெட்டியிலும் வையுங்கள். கணக்குப் பார்த்தால் அக்காவுக்குத்தான் முழு முட்டை கொடுக்க வேண்டும்.

இனி செய்முறைக்கு வருவோம்.

பெட்டியை மனசுக்குள் நாலு பங்காகப் பிரித்துக்கொள்ளுங்கள். இரண்டு பங்கு ரொட்டி, சோறு, புட்டு, இடியப்பம், பாண் இவற்றில் ஏதாவது ஒன்று. ஒரு பங்கு பருப்பு, கடலை, பயறு, கௌப்பி, முட்டை, மீன், கருவாடு. ஒரு பங்கு கீரை அல்லது மரக்கறி. முடிந்தால் ஓரத்தில் ஒரு பழத்துண்டு. இதை அளவு கரண்டி வைத்து அளக்க வேண்டாம், கண் அளவு போதும். ரொட்டியும் உருளைக்கிழங்குக் கறியும் கட்டிவிட்டு, "மரக்கறி வைச்சிருக்கோம் ஐயா" என்று சொல்பவர்கள் உண்டு. உருளைக்கிழங்கும் மாச்சத்துத்தான். மாவுக்கு மாவே துணை போனால் என்ன பிரயோசனம்?

முதலாவது, பருப்பு ரொட்டி. இராத்திரி வைத்த பருப்புக் கறி மிஞ்சுகிறதல்லவா? அதைக் காலையில் தண்ணீருக்குப் பதிலாக மாவில் ஊற்றிப் பிசையுங்கள். மூன்று கோப்பை மாவுக்கு ஒரு கோப்பை கெட்டிப் பருப்பு சரியாக இருக்கும். உப்பைப் பார்த்துப் போடுங்கள், கறியிலேயே உப்பு உண்டு. இரண்டு வெங்காயம், ஒரு பச்சை மிளகாய், கறிவேப்பிலை அரிந்து போட்டால் வாசம் இஸ்தோப்பைத் தாண்டிப் போகும். சுட்டுப் பாருங்கள். மஞ்சளாக, மெதுவாக இருக்கும். நமது சாதாரண ரொட்டி பத்தரை மணிக்கெல்லாம் செருப்புத் தோல் மாதிரி ஆகிவிடுகிறது. இது ஆறினாலும் மெதுவாகவே இருக்கும். பிள்ளைகள் ரொட்டியைத் திருப்பிக் கொண்டுவருவதற்குப் பாதிக் காரணம் பல்லு வலிதான், ருசி அல்ல. ஒரு நாள் பருப்பு, மறுநாள் துருவிய கரட், இன்னொரு நாள் பொடியாக அரிந்த கீரை. மஞ்சள், செம்மஞ்சள், பச்சை என்று நிறம் மாறிக்கொண்டே போனால் பிள்ளை மூடியை முழுதாகத் திறக்கும்.

கரட்டும் முட்டைக்கோவாவும் லீக்சும் நமது மலையில் விளைகிற சாமான். லயத்துக்குப் பின்னால் தோட்டம் போட்டிருப்பவர்கள் நல்லதையெல்லாம் விற்றுவிட்டு முற்றியதையும் வெடித்ததையும் வீட்டுக்கு வைத்துக்கொள்கிறார்கள். விற்க வேண்டாம் என்று சொல்ல நமக்கு வாய் இல்லை, காசு தேவை. வெடித்த கரட்டிலும் சத்து அதேதான், அதைத் துருவி ரொட்டியில் போடுங்கள். முள்ளங்கியைப் பிடுங்கி இலையைத் தூர வீசுகிறோமே, அந்த இலையையும் வறுக்கலாம்.

இரண்டாவது, நெத்தலி. இதற்குத்தான் உங்களை இந்த ஊரில் உட்கார வைத்துப் பேசுகிறோம். நம்மோடு வந்த ஒரு அம்மாவின் தமக்கை 1977 கலவரத்துக்குப் பிறகு மலையை விட்டு இந்தப் பக்கம் வந்து குடியேறியவர். அப்போதும், 1983க்குப் பிறகும் அப்படி வந்த மலையகக் குடும்பங்கள் இந்த மாவட்டத்தில் பல உண்டு. நேற்று அந்தத் தமக்கையின் வீட்டுக்குப் போனோம். பேரப்பிள்ளைக்கு என்ன கட்டிக் கொடுக்கிறீர்கள் என்று கேட்டோம். "குரக்கன் மாவும் அரிசி மாவும் கலந்து புட்டு அவிப்பேன். நெத்தலிய வறுத்து, முருங்கை இலை கொஞ்சம் சுண்டி வைப்பேன். மலையில இருந்தப்ப நாங்க ரொட்டியும் கொச்சிக்கா சம்பலும் தின்னுதான் வளந்தோம். நான் எம்புட்டு உசரம், என் பேத்தி எம்புட்டு உசரம், நீங்களே பாருங்க" என்றார். பேத்தி வந்து பக்கத்தில் நின்றாள். பாட்டியின் தலை அவள் தோளுக்குத்தான் வருகிறது.

அவருடைய பெட்டியில் உள்ளதையெல்லாம் நாம் செய்ய முடியாது. முருங்கை நமது குளிருக்குச் சரிவராது. அதற்குப் பதில் வல்லாரை, பசளி, முளைக்கீரை இருக்கிறது. குரக்கன் மா கடையில் கிடைத்தால் வாங்கி, கோதுமை மாவோடு நாலுக்கு ஒன்று கலந்து சுடுங்கள். கல்சியம் கோதுமையை விடக் குரக்கனில் பல மடங்கு அதிகம். நிறம் கறுப்பு என்று முதல் நாள் பிள்ளை முகம் சுளிக்கும். கொஞ்சம் தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் போட்டுக் கொடுத்துப் பழக்கினால் சரியாகிவிடும்.

நெத்தலி மட்டும் மலையிலும் எல்லாக் கடையிலும் உண்டு. பெரிய மீன் கருவாட்டில் முள்ளை எடுத்து வீசுகிறோம். நெத்தலியை முள்ளோடு தின்கிறோம், அதனால் எலும்புக்கு வேண்டிய கல்சியமும் சேர்ந்து கிடைக்கிறது. ஒரு பிள்ளைக்கு ஒரு கைப்பிடி கூட வேண்டாம், இரண்டு மேசைக்கரண்டி போதும். வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவைத்துப் பிழிந்தால் உப்பும் மணலும் போகும். வெங்காயம் நிறைய, மிளகாய்த் தூள் கொஞ்சம் போட்டு மொறுமொறுவென்று வறுத்துக் கடைசியில் தேசிக்காய் பிழியுங்கள். ஞாயிற்றுக்கிழமை செய்து ஈரம் படாத போத்தலில் போட்டுவைத்தால் மூன்று நாலு நாளைக்குக் காலையில் அந்த வேலை இல்லை. வெள்ளிக்கிழமை மரக்கறி என்றால் அவித்த கடலையோ கச்சான் சம்பலோ வையுங்கள். கச்சான் வாங்கும்போது கறுத்தது, பூஞ்சணம் பிடித்தது, கசப்பது ஒன்றும் சேரக்கூடாது. அது ஈரலுக்குக் கெடுதி.

"நேரம் எங்க ஐயா இருக்கு?" என்ற கேள்வி வரும் என்று தெரியும். கடலை, பயறு, கௌப்பி ஊறப்போடுவது அந்தி வேலை. இராச் சமையல் முடிந்து அடுப்பில் தணல் கிடக்கும்போது பானையை ஏற்றி மூடிவிட்டால் காலையில் பாதி வெந்திருக்கும். வெங்காயத்தை இராத்திரியே உரித்துவைக்கலாம். தேங்காய் துருவுவது? தகப்பன்மாரே, இது உங்களுக்கு. கவ்வாத்து, மருந்தடிப்பு வேலைக்குப் போனவர்கள் பலர் மத்தியானம் தாண்டியதும் வீட்டுக்கு வந்துவிடுகிறீர்கள். கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு அந்திக்கு வந்து சேருகிற பொம்பிளைக்கு அதற்குப் பிறகுதான் வீட்டு வேலை தொடங்குகிறது. கடலையை ஊறப்போடவும் தேங்காய் துருவவும் ஆம்பிளைக்குக் கை வராது என்று எந்தச் சாஸ்திரத்திலும் இல்லை. பின்வரிசையில் சிரிக்கிறீர்கள். சிரித்துக்கொண்டே செய்தாலும் போதும்.

அடுத்தது தேத்தண்ணி. இதைச் சொல்ல எங்களுக்கே கொஞ்சம் கூச்சம்தான். நமக்குச் சோறு போடுவது தேயிலை. ஆனால் பிள்ளையின் போத்தலில் சாயத்தண்ணியை நிரப்பி அனுப்புகிறோமே, அது சரியில்லை. தேயிலையில் ஒரு துவர்ப்புச் சத்து உண்டு. சாப்பாட்டோடு சேர்த்துக் குடித்தால், கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேராமல் அது தடுத்துவிடும். நாம் கஷ்டப்பட்டுக் கீரை வறுத்துக் கொடுத்தது பாதி வீண். அவித்து ஆறின தண்ணீரைக் கொடுத்தனுப்புங்கள். தேத்தண்ணி குடிக்கத்தான் வேண்டும் என்றால் சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழியட்டும். புளிப்புப் பழம் இதற்கு எதிர்மாறு, இரும்புச்சத்து உடம்பில் சேர உதவி செய்யும். கொய்யா, தோடை, நெல்லி, வேலியில் படர்ந்து கிடக்கும் கொடித்தோடை, எதுவானாலும் சரி. ஒன்றுமே இல்லாவிட்டால் கீரையில் அரைத் தேசிக்காய் பிழிந்துவிடுங்கள். பாடசாலையில் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தால் அதையும் தேத்தண்ணியோடு விழுங்கக் கூடாது என்று பிள்ளைக்குச் சொல்லிவையுங்கள்.

கடைப் பக்கெட்டுகளைப் பற்றிச் சுருக்கமாக. பிள்ளை அழுகிறது என்று கையில் காசைக் கொடுத்து அனுப்பினால் பாடசாலை வாசலில் அது டொபியாகவும் நிறத்தண்ணியாகவும் மாறிவிடும். இப்போது இனிப்புப் பானப் போத்தல்களில் நிறக் குறி இருக்கிறது. 2016ஆம் ஆண்டிலிருந்து வந்த சட்டம். சிவப்பு என்றால் சீனி அதிகம், மஞ்சள் நடுத்தரம், பச்சை குறைவு. எழுத்து வாசிக்கத் தெரியாதவர்களும் நிறம் பார்க்கலாம். உடனடி நூடுல்சும் கோதுமை மாவுதான், கூடவே உப்புத் தூள். ரொட்டி கொண்டுபோக வெட்கப்பட்டு நூடுல்ஸ் வாங்குவது, அதே மாவுக்குக் கூடின விலை கொடுப்பதாகத்தான் முடியும். மாவின் விலையே நம் கையில் இல்லை என்பதை 2022இல் பார்த்தோம். டொலர் இல்லாமல் கப்பல் வரவு தட்டுப்பட்டு, ஒரு கிலோ மா 400 ரூபாய்க்குப் போனது. அந்த மாதங்களில் பின்வளவில் கீரைப் பாத்தியும் இரண்டு கோழியும் வைத்திருந்த வீட்டுப் பிள்ளைகளின் பெட்டி முழுதாக வெறுமையாகவில்லை.

இன்னொன்று, திரிபோஷா. அது 1973ஆம் ஆண்டிலிருந்து கர்ப்பிணித் தாய்மாருக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் நிறை குறைந்த சின்னப் பிள்ளைகளுக்கும் என்று கொடுத்து வருகிற சத்துமா. கைக்குழந்தைக்குக் கிடைத்த பக்கெட்டை உருண்டை பிடித்துப் பெரிய பிள்ளையின் பெட்டியில் வைக்கும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. வாசமாக இருக்கும், ருசியாக இருக்கும், ஆனால் அது சின்னதின் பங்கு. பெரியதுக்குப் பயறு வறுத்து அரைத்து உருண்டை பிடியுங்கள்.

சாப்பாட்டைச் சுற்றுவது எதில்? லஞ்ச் சீட் என்று சொல்கிற பொலித்தீன் தாளுக்கு 2017 செப்டெம்பர் 1ஆம் திகதி முதல் தடை வந்தது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். சூட்டோடு அதில் சுற்றுவது உடம்புக்கும் நல்லதல்ல. வாழையிலையை அடுப்புத் தணலில் காட்டி வாட்டினால் கிழியாமல் மடியும், சாப்பாட்டுக்கும் ஒரு மணம் வரும். பெட்டி வாங்குவதானால் மூடி இறுக்கமான எவர்சில்வர் பெட்டி ஒன்று வாங்குங்கள். அண்ணனுக்குப் பிறகு தம்பிக்கும் வரும். சுடச்சுடப் போட்டு மூடாதீர்கள். ஆவி வேர்த்து ரொட்டி நனைந்து, சம்பல் புளித்துவிடும். முகம் கழுவித் தலை இழுக்கிற நேரம் பெட்டி திறந்திருந்தால் ஆறிவிடும். தேங்காய்ப்பால் விட்ட கறி நமது குளிருக்கு இடைவேளை வரை தாங்கும். டவுனில், வெயிலில் பாடசாலை உள்ள பிள்ளைக்கு வறண்ட கறிதான் நல்லது. முட்டையை நன்றாக வேகவைத்து, கோதை உடைக்காமல் அப்படியே கொடுத்தனுப்புங்கள்.

பிள்ளையிடமும் கேளுங்கள். எல்லாவற்றையும் நாமே தீர்மானித்துக் கட்டிக் கொடுத்துவிட்டு ஏன் சாப்பிடவில்லை என்று அடிக்கிறோம். "நாளைக்குக் கரட் ரொட்டியா, கீரை ரொட்டியா?" என்று முதல் நாள் அந்திக்குக் கேட்டுப் பாருங்கள். தானே சொன்னதைப் பிள்ளை திருப்பிக் கொண்டுவராது. ரொட்டியை வட்டமாகத்தான் சுடவேண்டும் என்று சட்டம் இல்லை. சின்னக் கிண்ணத்தால் அழுத்தி நாலு குட்டி ரொட்டியாகச் சுட்டு, நடுவே சம்பலை வைத்து இரண்டு இரண்டாக மூடினால், டவுன் பிள்ளை கொண்டுவருகிற மாலு பணிசுக்கு அது ஒன்றும் குறைந்ததல்ல. நமது பாடசாலையொன்றில் ஒரு பிள்ளை இப்படிக் கொண்டுபோன அன்றைக்கு, பக்கத்துப் பிள்ளை தன் பணிசில் பாதியைக் கொடுத்து மாற்றிக்கொண்டதாம். சொன்னது அந்தப் பிள்ளையின் தாய். சொல்லும்போது அந்த முகத்தில் இருந்த பெருமை எங்களுக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

தோட்டத்துக்குத் திரும்பிய பிறகு, அடுத்த சம்பளத்துக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை பிள்ளைக்காம்பராவில் பருப்பு ரொட்டி, குரக்கன் ரொட்டி, நெத்தலிச் சம்பல் மூன்றையும் செய்து காட்டுவோம். கையில் காசு குறைந்த கிழமையிலும் செய்யக்கூடியதுதானா என்று நீங்களே பார்க்க வேண்டும் என்றுதான் அந்த நாளைத் தெரிந்தெடுத்தோம். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு கோப்பை மா கொண்டுவாருங்கள். பருப்பும் கருவாடும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். தகப்பன்மாருக்கும் அழைப்பு உண்டு. தேங்காயும் திருகுவலையும் தயாராக இருக்கும்.

நாளைக் காலை பஸ் எட்டு மணிக்குப் புறப்படும். அதற்கு முன் கருவாட்டுக் கடைக்குப் போவதாகப் பல பேர் சொன்னீர்கள். நெத்தலி வாங்கும்போது வெள்ளி மாதிரி மின்னுவதைப் பாருங்கள். மஞ்சளித்து எண்ணெய் கசிந்தது பழசு. கையில் எடுத்தால் தூளாக உதிர்வதும், புளித்த வாடை அடிப்பதும் வேண்டாம். ஒரு கைப்பிடியைக் கடதாசியில் தட்டிப் பாருங்கள், மணல் நிறையக் கொட்டினால் அடுத்த கடைக்குப் போங்கள். விலையை நாலு பேராகச் சேர்ந்து பேசினால் குறைப்பார்கள். வீட்டுக்குப் போனதும் ஒரு நாள் வெயிலில் நன்றாகக் காயவைத்து, தகர டின்னில் போட்டு அடுப்புக்கு மேலே பரணில் வையுங்கள். நமது மலை ஈரத்தில் பையோடு தொங்கவிட்டால் ஒரு கிழமையில் பூஞ்சணம் பிடிக்கும். பஸ்ஸில் கருவாட்டு மூட்டையெல்லாம் பின்சீட்டுக்குக் கீழே. பிரசாதப் பையோடு கலக்க வேண்டாம்.

சாப்பாடு இறக்கிவிட்டார்கள் போலிருக்கிறது. முதலில் பிள்ளைகள் உட்காரட்டும்.